முன் சீட்

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு, தங்கை ஜெனிவீவ் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் நால்வரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மலைக் குளிரில் வெறுந்தரையில் முழந்தாளிட வேண்டாம் என்று மதர் சொல்லியும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மடத்தில் போன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. தபால் நிலையத்துக் கவுண்ட்டரில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

நல்ல செய்தி முதலில். சின்னவன் ஜெரார்டுக்குச் சிறப்புப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பள்ளி. அந்த இடத்துக்கு எத்தனை காலம் காத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி தெம்பனிஸில் இருக்கிறது. நாங்கள் தீவின் மேற்குக் கோடி, அது கிழக்குக் கோடி. இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூரத்தை யாரும் யோசிக்கவில்லை.

கெட்ட செய்தி, பள்ளி பஸ்ஸில் அவனை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். ஓடுகிற பஸ்ஸில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நடந்து, டிரைவர் பக்கத்தில் போய் நின்றிருக்கிறான். பஸ் அங்கிள் நல்ல மனிதர். "ஆன்ட்டி, சாரி லா, எனக்கு ரோட்டைப் பார்க்கவே முடியல" என்றார். அவரிடம் என்ன சண்டை போடுவது?

அதனால் இவர் காரில் போகிறோம். ஆம்ப்ரோஸ் ஜூரோங் பட்டறை வேலையை விட்டு வாடகைக் கார் ஓட்டுகிறார் என்று முன்பே எழுதியிருந்தேன். காலையில் முதல் சவாரி நாங்கள்தான். ஜெரார்டுக்கு உயர சீட் போட்டு, பெல்ட் மாட்டி, பக்கத்தில் நான் உட்காருகிறேன். விரைவுச்சாலையில் ஏறியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கழற்றிவிட்டான். நான் மாட்டுகிறேன். மறுபடி 'டக்'. புக்கிட் பாத்தோக்கிலிருந்து தெம்பனிஸ் வரை எனக்கு இதுதான் வேலை. ஒருநாள் மாட்டுவதற்குள் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான். பூட்டு இருந்ததால் பிழைத்தோம். இப்போது வீட்டில் யாராவது டப்பாவை மூடினால்கூட நான் திரும்பி அவனைப் பார்க்கிறேன்.

ஒழுங்காக வராவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பள்ளியில் மரியாதையாகச் சொன்னார்கள். அவனை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன். செபியுங்கள் அக்கா. மூத்தவள் டானியலா உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள், தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறாள்.

மடத்தில் எல்லாருக்கும் எங்கள் வணக்கம்.
உங்கள் ஜெனி


செபமாலை மடம், கொடைக்கானல் மலை
3 பிப்ரவரி 2025

என் சின்னத் தங்கைக்கு அக்கா அந்தோனியம்மாளின் ஆசீர்.

உன் கடிதம் கிடைத்தது. மதர் படித்துவிட்டு என்னிடம் தரும்போதே "உன் தங்கை களைத்திருக்கிறாள்" என்றார். என் முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை, நான் மதர் பேச்சைக் கேட்பதில்லை, கணக்குச் சரி. இங்கே ஈஸ்டருக்கான பூசை உடுப்புத் தையல் மும்முரமாக நடக்கிறது. எந்தப் பங்குச் சாமியாருக்கும் ஜரிகை அகலம் போதவில்லை.

ஜெரார்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஓட்டுப் போடவும் ஆஸ்பத்திரிக்கும் தவிர நான் கேட்டைத் தாண்டியதில்லை. ஆனால் நான் இங்கே வந்த நாள் நினைவிருக்கிறது. வாடகைக்கு ஒரு கார், முன்னால் அப்பா. உனக்கு ஏழு வயது, காய்ச்சல் வேறு. ஒரே அழுகை, ஒரே குதி. அப்பா அதட்டினார், நீ அடங்கவில்லை. தூக்கி என் மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். அவ்வளவுதான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் எச்சில் ஒழுகத் தூங்கினாய். மடத்து வாசலில் உன்னை எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே அப்பா தோளில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தேன். என் சேலையில் உன் எச்சில் ஈரம் மாலைவரை இருந்தது.

பிள்ளைக்குப் பட்டையும் பூட்டும் எதற்கு? பயத்தில்தான் கழற்றுகிறான். மடியில் வைத்து இறுக்கிக்கொள் ஜெனி. தாய் மடியைவிடப் பத்திரமான இடம் எது?

மார்ச் ஐந்தாம் தேதி தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் வழக்கம் தெரியுமே, ஈஸ்டர் வரை கடிதம் எழுதவும் மாட்டோம், வந்ததைப் பிரிக்கவும் மாட்டோம். நீ எழுதுவதை நிறுத்தாதே. மொத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


புக்கிட் பாத்தோக்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம், உங்கள் சுகமும் அதுவே ஆகட்டும்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். நம்ப மாட்டீர்கள், இரண்டு வாரமாக 'டக்' சத்தமே இல்லை. மடியில் வைத்து இறுக்கிக்கொண்டால் அவன் தலையை என் மோவாய்க்கு அடியில் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறான். இறுக்கிப் பிடித்தால் அவனுக்குப் பிடிக்கும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி தப்பு, இந்த உயரத்துப் பிள்ளைக்குத் தனி சீட்டும் பெல்ட்டும் கட்டாயம், எனக்கு லைசென்ஸ் போய்விடும் என்றார். நான் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அக்கா சொல்றது காருக்கு இல்ல ஜெனி" என்றார். நான் அழுதேன். அப்புறம் அவர் காரை எடுத்துவிட்டார். காலையில் சண்டை போட இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

தொடை மரத்துப்போகிறது. ஏழு வயதுப் பையன் கனமாகத்தானே இருப்பான். பெல்ட் எங்கள் இரண்டு பேரையும் சுற்றி எட்டவில்லை, அதனால் நானும் போடுவதில்லை. ஆனால் அவன் ஒருநாள்கூடப் பள்ளி தவறவில்லை. ஒரு நீல மணியை எடுத்து நீலக் கிண்ணத்தில் போட்டானாம். டீச்சர் வீடியோ அனுப்பியிருந்தார். சமையலறையில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். தவக்காலத்தில் எங்களை மறக்க வேண்டாம்.

அன்புடன், ஜெனி


புக்கிட் பாத்தோக்
18 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டானியலா எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ்க் கையெழுத்துப் பழக வேண்டும் என்று டீச்சர் சொன்னார். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நல்ல மழை. பள்ளி விடுமுறை நடக்கிறது. ஜெரார்ட் வீட்டில்தான் இருக்கிறான். இந்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போக முடியவில்லை, டிவியில் பார்த்தோம். தேக்கா கடைத்தெருவுக்கும் போகவில்லை. இவர்தான் இப்போது சமைக்கிறார், ரசம் பரவாயில்லை.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனி


புக்கிட் பாத்தோக்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இதை ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பீர்கள், அதனால் ஈஸ்டர் வாழ்த்துகள்.

ஜெரார்டுக்குக் கொஞ்சம் இருமல். அதனால் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். பள்ளியில் சொல்லியாயிற்று. இவருக்குச் சவாரி அதிகம். டானியலாவுக்குப் பரீட்சை வருகிறது, பாவம், அவளை உட்கார வைத்து நான் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜெனி

பெரியம்மா, வணக்கம். நான் டானியலா. அம்மா சொல்வதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.


செபமாலை மடம்
22 ஏப்ரல் 2025

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும், ஜெனி.

மூன்று கடிதங்களையும் ஈஸ்டர் அன்று மாலை மதர் கையில் கொடுத்தார். முதல் கடிதத்தைப் படித்து ஆனந்தப்பட்டேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரிடமும் நீல மணியைப் பற்றிச் சொன்னேன். சிஸ்டர் பிலோமினா தன் பங்குப் பாயசத்தை எனக்குத் தந்தார். பிறகு மற்ற இரண்டையும் படித்தேன்.

டானியலாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது. உன்னுடையது எங்கே போயிற்று? காய்ச்சலில் படுத்துக்கொண்டே எனக்கு எழுதுகிறவள் நீ. மார்ச்சில் விடுமுறை, ஏப்ரலில் இருமல், பிள்ளை பள்ளிக்கே போகவில்லையா? அந்த மூத்த மகள் கடிதத்தின் அடியில் எதற்கு அப்படி ஒரு வரி எழுதினாள்? இரண்டு கடிதத்திலும் காரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஜனவரியில் உனக்கு வேறு பேச்சே இல்லாமல் இருந்தது.

உலகம் தெரியாதவள்தான் நான். ஆனால் நாள் முழுவதும் பேசாமல் இருக்கிறவர்களோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். யாராவது ஒன்றைச் சொல்லாமல் மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் கைக்கு என்ன ஆயிற்று?

பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா


செபமாலை மடம்
19 மே 2025

தம்பி ஆம்ப்ரோஸுக்கு ஆசீர்.

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்பது இந்தமுறை வழக்கத்துக்காக அல்ல. ஜெனியிடமிருந்து பதில் இல்லை. உங்களுக்குக் கடிதம் எழுதுவது பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்தது எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தோனியம்மாள்


புக்கிட் பாத்தோக்
1 ஜூன் 2025

மரியே வாழ்க.

மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு ஆம்ப்ரோஸ் எழுதுவது. ஜெனிக்குத் தெரியாமல் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழில் எழுதிப் பல வருடம் ஆகிறது.

முதலில் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து தேக்கா பக்கம் வந்தோம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்குச் சொன்னால் புரியாது, திருவிழா மாதிரி இருக்கும். மெதுவாகத்தான் ஓட்டினேன். நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கினார். பிரேக் போட்டேன். கார் அவர்மேல் படவில்லை. எதிலும் மோதவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கும் டானியலாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பெல்ட் போட்டிருந்தோம்.

ஜெனி பின் சீட்டிலிருந்து வந்து என் சீட்டின் முதுகில் மோதினாள். ஜெரார்ட் நடுவில் மாட்டிக்கொண்டான். அவளுக்கு வலது காறை எலும்பு உடைந்தது. அவனுக்கு உதடு கிழிந்து, கையில் எலும்பு விரிசல் விட்டது. டாக்டர் கேட்டார், பிள்ளையை நசுக்கியது எது என்று. சீட் இல்லை சிஸ்டர். அவள் உடம்பு. அதை டாக்டர் அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். பிரேக் போடும்போது மடியில் இருக்கிற பிள்ளையை யார் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, பெரியவர்கள் பாரம் முழுவதும் பிள்ளைமேல் விழும் என்றார்.

எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் ஜெரார்ட் அன்றிலிருந்து அவள் மடிக்கு வருவதில்லை. வீட்டிலும் வருவதில்லை. அவள் கிட்டே போனால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். காரைப் பார்த்தால் கத்துகிறான்.

உங்களிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அக்கா சொன்னதாலதான்னு அக்காவுக்குத் தெரியவே கூடாது. அவங்க உள்ள அடைஞ்சு கிடக்கிறவங்க, அதையே நெனச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் உங்களைக் குறை சொல்ல வேண்டாம். சட்டம் தெரிந்தவன் நான். ஸ்டியரிங் பிடித்தவனும் நான். லைசென்ஸில் அபராதப் புள்ளி விழுந்திருக்கிறது, அது விழ வேண்டியதுதான்.

ஜூன் விடுமுறை முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அவன் காரில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து மைமூன் என்று ஒரு தெரபிஸ்ட் அடுத்த வாரம் வருகிறார்.

செபத்தில் நினைக்கவும்.
ஆம்ப்ரோஸ்


செபமாலை மடம்
14 ஜூன் 2025

என் ஜெனிக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? பிள்ளையின் உதட்டில் தழும்பு விழுந்ததா? தம்பிமீது கோபப்படாதே. நான் கேட்டு வற்புறுத்தினேன், அவர் சொன்னார்.

அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குச் செபம் வரவில்லை. கோயிலில் உட்கார்ந்தால் 'தாய் மடியைவிடப் பத்திரமான இடம் எது' என்று நான் எழுதியதுதான் காதில் கேட்கிறது. எவ்வளவு திடமாக எழுதினேன். கார் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்று தெரியாதவள், மலைப்பாதையில் ஒருநாள் நடந்ததை வைத்து உனக்குப் போதித்தேன். அன்று அந்தக் காரும் எங்காவது பிரேக் போட்டிருந்தால் நீயும் நானும் என்ன ஆகியிருப்போம்? போடவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னேன், நீ செய்தாய், பிள்ளைக்கு வலித்தது. அதை நீ ஒற்றையாளாகச் சுமந்துகொண்டு எனக்கு மழையைப் பற்றியும் ரசத்தைப் பற்றியும் எழுதினாயே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதரிடம் போய் அழுதேன். மேற்றிராணியார் ஆண்டகையின் பூசை உடுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு உன் தங்கை பிள்ளைக்குத் தைத்துக் கொடு என்றார். இந்தப் பார்சலில் இருப்பது அதுதான், காரில் போட ஒரு சட்டை. உள்ளே கித்தான், மேலே வெள்ளைப் பருத்தி, எல்லாப் பக்கமும் இரட்டைத் தையல். முதுகில் கொக்கி வைத்திருக்கிறேன், அவன் கைக்கு எட்டாது. பட்டைகளைச் சீட்டில் சுற்றிக் கட்டிவிடலாம். முன்பக்கம் கொஞ்சம் ஜரிகை வைத்தேன். அவனும் கொஞ்சம் மினுங்கட்டுமே.

இதைப் போட்டு அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போ. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

உன் அக்கா


புக்கிட் பாத்தோக்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் ஜெனி, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

தோள் மழைக்கு மட்டும் வலிக்கிறது. தழும்பு சின்னது. இவர்மீது ஒருநாள் முழுக்கக் கோபமாக இருந்தேன், அதற்கு மேல் இருக்க முடியவில்லை.

பார்சல் வந்து இரண்டு வாரமாகிறது. போன வாரம் உங்களுக்கு ஒரு பதில் எழுதினேன். சட்டை கச்சிதமாக இருக்கிறது, ஜெரார்ட் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறான் என்று. டானியலா அதைப் படித்துவிட்டு, "மம்மி, பெரியம்மா சந்தோஷப்பட்டு இன்னொண்ணு தைச்சு அனுப்புவாங்க. அப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டேன்.

அக்கா, அந்தச் சட்டையை நான் காரில் போட மாட்டேன்.

மைமூன் கடையநல்லூர்க் குடும்பத்துப் பெண், பிறந்ததெல்லாம் இங்கேதான். சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவ்ளோ அழகான தையல் நான் பார்த்ததில்ல லா. ஆனா மோத விட்டு டெஸ்ட் பண்ணாத எதையும் கார்ல போட நான் ஓகே சொல்ல மாட்டேன்" என்றார். வீட்டில் தைத்தது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் எந்த இடத்தில் அறும், எலும்பில் எங்கே அழுத்தும் என்று யாருக்கும் தெரியாதாம். எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் தெரிந்தது. பிப்ரவரியில் இவர் சொன்னதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மடி பத்திரம் என்று நம்பியதால் மட்டும் நான் அவனைத் தூக்கி வைக்கவில்லை அக்கா. எனக்கு அலுத்துப்போயிருந்தது. நீங்கள் சொன்னது வசதியாக இருந்தது. பழியை நீங்களே முழுவதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே செய்த ஒரு மேல்சட்டை தந்திருக்கிறார்கள். பின்னால் ஜிப், அகலப் பட்டைகள், கார் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு வளையத்தில் மாட்டுகிறது. அவசரத்துக்குப் பட்டையை அறுக்க ஒரு கத்தியை இவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைமூன் முதல் நாள் காரை எடுக்கவே விடவில்லை. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிற காரின் கதவையெல்லாம் திறந்துவைத்து, ஜெரார்ட் ஏறும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார். ஏறினான். பெல்ட்டை மாட்டினான். கழற்றினான். காதைப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி மாட்டினான், கழற்றினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவன் தப்பிக்கப் பார்க்கல அக்கா, பயப்படவும் இல்ல. அந்தச் சத்தம் வேணும் இவனுக்கு" என்றார். மறுநாள் ஒரு பழைய பெல்ட்டின் பக்கிளைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். இப்போது ஆஸ்பத்திரிச் சட்டை போட்டுக்கொண்டு சீட்டில் இருக்கிறான், கையில் அவனுடைய பக்கிள். 'டக்', 'டக்', தெம்பனிஸ் வரைக்கும். நீங்களும் நானும் அவனை அடக்குவது எப்படி என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகிறான். மூன்று நாள் அழுதான், இரண்டு நாள் அழவில்லை.

உங்கள் சட்டையில் இருந்த ஜரிகையை அவனே பிய்த்தெடுத்துவிட்டான். மன்னியுங்கள். அதை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான்.

நான் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்கிறார் மைமூன். "நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் பெல்ட்ட விட உங்க கையத்தான் நம்புவீங்க" என்றார். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பின்னாலேயே உட்காருகிறேன், பெல்ட் போட்டுக்கொண்டு. அவன் என்னைப் பார்ப்பதில்லை.

உங்கள் ஜெனி


செபமாலை மடம்
2 ஆகஸ்ட் 2025

ஜெனிக்குட்டிக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று இந்தமுறை நம்புகிறேன், ஏனென்றால் நீ சுகமில்லாததையும் எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு அறையில் உரக்கப் படிக்கட்டுமா என்று கேட்டார், சரி என்றேன். என் தையலை வேண்டாம் என்று திருப்பியவள் இத்தனை வருடத்தில் நீ ஒருத்திதான். சிஸ்டர் பிலோமினா, "பங்குச் சாமியார்கள் யாரும் உடுப்பை மோத விட்டுப் பார்த்து வாங்குவதில்லை, நம் பிழைப்பு ஓடுகிறது" என்றார். பேசக்கூடாத நேரத்தில் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

முதலில் மனம் வாடியது, பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதை நீ செய்யாமல் விட்டதற்காக முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஜரிகை தனியாக ஒரு சுருள் வைத்திருக்கிறேன். காருக்கு அல்ல, அவன் விரலுக்கு. மைமூனிடம் கேட்டுவிட்டே கொடு.

முன் சீட்டுக்குப் போ ஜெனி. இது புத்திமதி இல்லை. மைமூன் சொன்னதை நானும் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன் அக்கா


புக்கிட் பாத்தோக்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேக்காவில் வாங்கியது. வாசனை மடம் முழுக்க அடிக்கும், மதர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். இவர் நலம். டானியலா என்னைவிட உயரமாகிவிட்டாள். ஜெரார்ட் சிவப்பு மணிக்கும் வந்துவிட்டான்.

போன வாரம் நான் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜெரார்ட் வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றான். துணியை எடுத்துக் கீழே வைத்தேன். பின்னாலேயே நகர்ந்து வந்து மடியில் உட்கார்ந்தான். நான் கையைத் தூக்கவே இல்லை, இறுக்கிப் பிடித்தால் போய்விடுவானோ என்று பயம். அவனே என் இரண்டு கையையும் இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம்தான். குக்கர் விசில் அடித்ததும் எழுந்து போய்விட்டான். அடுப்பை அணைக்கக்கூட எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் முன் சீட்டில் ஏறினேன். இவர் என்னைப் பார்த்தார். ஜெரார்டின் பட்டைகளைச் சரிபார்த்துவிட்டு, என் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். விரைவுச்சாலையில் ஏறியதும் பின்னால் 'டக்' என்றது. திரும்பிப் பார்த்தேன், அவன் கையிலிருந்த பக்கிள்தான். மறுபடி 'டக்'. மறுபடி திரும்பினேன். "நீ முன்னாடி பாரு ஜெனி, அவன் நல்லாதான் இருக்கான்" என்றார் இவர். மடியில் கை வைக்க இடம் நிறைய இருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை. கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டேன். தோ பாயோ தாண்டியது நினைவிருக்கிறது.

அப்புறம் கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. பள்ளி வாசல். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய் மணியும் அடித்துவிட்டது. பின்னால் ஜெரார்ட் பட்டையெல்லாம் அப்படியே இருக்க, ஜரிகையை விரலில் சுற்றிக்கொண்டு, 'டக்', 'டக்' என்று தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். ஏன் எழுப்பவில்லை என்று இவரிடம் கோபித்துக்கொண்டேன்.

"எழுப்ப மனசு வரல" என்றார்.

என் மோவாயெல்லாம் எச்சில் அக்கா. துடைத்துக்கொண்டே அழுதேன். உங்கள் மடியில் தூங்கிய அந்த நாளுக்குப் பிறகு, ஓடுகிற காரில் நான் தூங்கியது இன்றுதான் என்று இவரிடம் சொன்னேன். அன்று கண் விழித்தபோது நீங்கள் இல்லை. வியாழக்கிழமை விழித்தபோது எல்லாரும் இருந்தார்கள்.

இறங்கி, பின்கதவைத் திறந்து, அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

உங்கள் ஜெனி